மூன்றாவது கோப்பைக் காப்பி

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மோந்து பார்த்தார். பச்சைக் காப்பிக்கொட்டை. அடுத்த மூட்டை மிளகாய்ப்பொடி. அதையும் மோந்தார், தும்மினார். பிறகு சருகு மாதிரி காய்ந்த அப்பத் துண்டுகள். கடைசியில், என் பழைய சேலையில் பொதிந்து, கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜா ஒன்று.

"எல்லாரும் வெளிநாட்டிலிருந்து தங்கம் கொண்டுவருவார்கள், நீங்கள் காப்பிக்கொட்டையா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"என் பேரே தங்கம். வேற எதுக்கு சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. போ என்று கையை மட்டும் வீசினார்.

நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். எத்தியோப்பியாவில், ஜிம்மாவுக்கும் மேற்கே, காப்பிச்செடி காடாக விளைகிற ஒரு மலையூரின் பல்கலைக்கழகத்தில் பதினாறு வருஷம் இருந்தேன். அங்கே புதுசு புதுசாகப் பல்கலைக்கழகம் கட்டினார்கள். கட்டடம் எழும்பின வேகத்துக்கு வாத்தியார்கள் கிடைக்கவில்லை. அதனால் நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் எங்களை மாதிரி ஆட்களை இறக்கினார்கள். எங்களுக்கு அங்கே 'சர்வதேசப் பேராசிரியர்' என்று பேர். அதற்கு முந்தின வாரம் வரை ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் 'ஏ, கெமிஸ்ட்ரி மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நான் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இனி எங்கள் பிள்ளைகளே நடத்துவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் இடத்துக்கு வந்தவன் என்னிடமே படித்தவன், கெட்டிக்காரன். அது நியாயம்தான். நியாயமாக இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது? பதினாறு வருஷத்தை இரண்டு பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தேன், மனசெல்லாம் அங்கேயே கிடந்தது.

கையில் ஒரு காரியம் இருந்ததால்தான் அழாமல் வந்து சேர்ந்தேன். அது அல்மாஸ் கொடுத்த காரியம்.

அல்மாஸ் என் வீட்டுக்காரி. அவள் வீட்டின் பின்கட்டில்தான் அத்தனை வருஷமும் குடியிருந்தேன். அல்மாஸ் என்றால் அவர்கள் பேச்சில் வைரம். "நான் வைரம், நீ தங்கம், ரெண்டு பேர் கழுத்திலயும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். போன புதிதில் அவர்கள் சாப்பிடுகிறதைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். இஞ்சிரா என்று ஒரு புளித்த அப்பம், நம் ஆப்பத்தைப் பாய் மாதிரி விரித்தால் எப்படியோ அப்படி. அதன்மேல் குழம்புகளைக் குவித்து, வீடு மொத்தமும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிய்த்துப் பிய்த்துச் சாப்பிடும். நான் நாஞ்சில் நாட்டுக்காரி. எச்சில் என்றால் நாலடி தள்ளி நின்று வளர்ந்தவள். எனக்குத் தனித்தட்டு வேண்டும் என்றேன். அல்மாஸ் எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு பண்டிகை நாளில் அவள் ஒரு கவளத்தை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். அதற்குக் குர்ஷா என்று பேர். பிரியமானவர்களுக்குத் தன் கையால் ஊட்டுவது. ஊட்ட நீட்டின கை சும்மா இறங்காது, வாய் திறக்கும் வரை அப்படியே நிற்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவள் கை நடுங்கத் தொடங்கியது. பாவமாக இருந்தது, திறந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்குத் தனித்தட்டு வரவில்லை, நானும் கேட்கவில்லை.

காப்பியும் அங்கே ஒரு சடங்கு. பச்சைக்கொட்டையைக் கண் முன்னால் வறுத்து, இடித்து, மண்கூஜாவில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பரக்கா என்று பேர். ஆசீர்வாதம் அதில்தான் இருக்கிறது. அதைக் குடிக்காமல் எழுந்து போனால் வந்த காரியத்தைப் பாதியில் விட்டுப் போவதாக அர்த்தம்.

நான் புறப்பட்ட அன்று இரண்டாவது கோப்பை முடிந்ததும் வாசலில் ஜீப்காரன் ஹாரனை அமுக்கினான். நான் எழுந்தேன். அல்மாஸ் கூஜாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கூஜாவையும் கொண்டு போ, மூணாவதை ஹிவோத் கையால குடிச்சுக்கோ" என்றாள். "அவ முகத்தைப் பாரு, தங்கம். வாடியிருந்தா என்கிட்ட அனுப்பிடு. வாடலேன்னா அங்கேயே விட்டுடு. போன்ல கேட்டா சரியா சொல்ல மாட்டேங்கிறா. சாப்பிட்டியான்னு கேட்டா வச்சிடுறா."

ஹிவோத் அவள் மகள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் படிக்கிறாள். அந்தக் கல்லூரியின் ஏஜண்டு எங்கள் மலையூருக்கே வந்து நோட்டீஸ் கொடுத்தான். அதில் காற்றாலை படத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். என் ஊர், என் தம்பி இருக்கிறான், தைரியமாக அனுப்பு என்று அல்மாஸிடம் நான்தான் சொன்னேன். மூன்று வருஷம் ஆயிற்று, இன்னும் ஒன்று பாக்கி. இப்போது படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாளாம். அவளோடு வந்த தவித் என்ற பையன் மூன்று வருஷப் படிப்பை முடித்துச் சனிக்கிழமை ஊருக்குப் போகிறான், அவன்கூடவே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் வந்து இறங்கினது புதன்கிழமை.

தம்பி குமரேசன் காரோடு வந்திருந்தான். பெயிண்ட் கடை வைத்திருக்கிறான், சட்டையில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் ஒட்டியிருக்கும். "என்னக்கா, இப்பிடி மெலிஞ்சிட்டே" என்றான். மெலியவில்லை, கனத்திருந்தேன். தம்பிமார்களுக்கு அக்காவைப் பார்த்ததும் வேறு வாக்கியம் வராது.

களியக்காவிளை தாண்டினதும் கார் இருமியது. மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே வந்து படுத்தேவிட்டது. மெக்கானிக் வருகிற வரை சாயாக் கடையில் நின்றோம். ஏத்தம்பழ பஜ்ஜி தின்றேன், இனித்தது. பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மோளு எங்க படிக்கா?"

"ஜார்ஜியா. டாக்டருக்கு."

"அது அமெரிக்காவில உள்ளதில்லியா?"

"அது வேற ஜார்ஜியா."

"எந்த ஜார்ஜியா ஆனா என்ன, தண்ணிக்கு அப்பறத்தில தான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பிள்ளைகள் ஜார்ஜியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் போகின்றன. எத்தியோப்பியாப் பிள்ளை ஆரல்வாய்மொழிக்கு வருகிறது. நான் எத்தியோப்பியாவுக்குப் போனேன். லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கப் போனால் பேப்பரில் போட்டோ போடுவார்கள். ஏழை நாடும் ஏழை நாடும் தங்களுக்குள் வாத்தியாரையும் பிள்ளையையும் மாற்றிக்கொண்டால் அது சாயாக் கடைப் பேச்சோடு போய்விடும். அந்தந்த வீட்டு அடுக்களையில் இருக்கிற தாய்மாருக்கு மட்டும் தெரியும்.

வடசேரி வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. தம்பி பெஞ்சாதி ரமணி உள்ளித் தீயல் வைத்திருந்தாள். தேங்காயும் மல்லியும் கருக வறுத்த அந்த மணம் வந்ததும் எனக்கு அல்மாஸ் அடுக்களை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே இருந்தபோது அல்மாஸ் மிளகாய் வறுத்தால் ரமணியின் தீயல் ஞாபகம் வரும். இது என்ன சீக்கு என்று எனக்கே தெரியவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் மற்ற ஊர் மூக்கில் ஏறிவிடுகிறது.

மறுநாள் கூஜாவையும் மூட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறினேன். தோவாளை வந்ததும் பிச்சிப்பூ வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. பூக்கூடையோடு ஏறின ஒருத்தி என் மடியைப் பார்த்து "எந்தக் கோயிலுக்கு?" என்றாள். கூஜாவைக் கலசம் என்று நினைத்துவிட்டாள். இல்லை என்று நான் சொல்லி முடிக்கிறதுக்குள் குறுக்கே ஆடு ஒன்று வர, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். கூஜாவின் கழுத்து முன்சீட்டுக் கம்பியில் பட்டு, கொக்கைத் திருகினது மாதிரி ஒடிந்து என் கையில் வந்தது.

"சட்டிதானே, விடுங்க. சந்தையில வேற வாங்கிக்கிடலாம்" என்றாள் பூக்காரி.

அவளுக்குத் தெரியாது. அந்தக் கூஜா அல்மாஸின் அம்மா அவளுக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு ஆரல்வாய்மொழிக் காற்று அடித்த அடியில் கண் தன்பாட்டில் உலர்ந்தது. அந்த ஊர்க் காற்று யாரையும் நின்று அழ விடாது.

கல்லூரி வாசலில் பெயருக்கு முன்னால் புதிதாக 'இண்டர்நேஷனல்' என்று எழுதியிருந்தார்கள். வரிசையாகப் பல நாட்டுக் கொடிகள். எத்தியோப்பியாக் கொடியில் பச்சை மேலே இருக்க வேண்டும். இங்கே சிவப்பு மேலே இருந்தது, தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். வெயிலில் கோட்டு போட்டு வேர்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொறுப்பாளர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான். கொடியைக் காட்டினேன்.

"காத்துல திரும்பியிருக்கும் மேடம்" என்றான்.

"பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு?"

"கான்டினென்டல் மெனு இருக்கு மேடம்."

"எந்தக் கண்டம்?"

அவனுக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்ததில் ரொட்டியும் ஜாமும் என்று தெரிந்தது. கெட்ட பிள்ளை இல்லை, அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் நிற்கும்போதே கொடியை இறக்கி நேராகக் கட்டினான்.

ஹிவோத் விடுதிக் கூடத்துக்கு வந்தாள். "எத்தியே" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மூத்த பெண்களை அவர்கள் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் முதல் வேலையாக முகத்தைப் பார்த்தேன். கன்னம் புஷ்டியாகத்தான் இருந்தது. ஆனால் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இதை வாடல் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? அல்மாஸுக்கு என்ன பதில் சொல்ல? அறையில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. கட்டில் மேல் விரிப்புகூட இல்லை.

ஒடிந்த கூஜாவைக் காட்டினேன். அவள் கழுத்தையும் உடம்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "இதுவும் வந்த இடத்தில் உடைந்துவிட்டது" என்றாள் அம்ஹாரிக்கில். அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாள்.

வந்த புதிதில் அறைத்தோழி ஷைனிக்குப் பிறந்தநாள். மெஸ்ஸில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இவள் பிரியத்தில் சோற்றைக் குழம்பில் பிசைந்து உருட்டி ஷைனி வாயில் வைத்துவிட்டாள். தன் தட்டிலிருந்து, தான் சாப்பிட்ட கையால். ஷைனி என்ன ஏது என்று யோசிக்கிறதுக்குள் துப்பிவிட்டாள். சுற்றி இருந்ததுகள் சிரித்தன. ஷைனி அன்றைக்கே வந்து மன்னிப்புக் கேட்டாள், இன்றைக்கும் சிநேகமாகத்தான் இருக்கிறாள். ஆனால் இவள் அன்றிலிருந்து தட்டை அறைக்கு எடுத்து வந்து சுவரைப் பார்த்துத் தனியாகச் சாப்பிடுகிறாள்.

"பாடம் கஷ்டமில்லை எத்தியே. மொழி பழகிவிட்டது. வெயில்கூடப் பழகிவிட்டது. தினமும் மூன்று வேளை தனியாகச் சாப்பிட முடியவில்லை."

நான் வாத்தியார் புத்தியில் ஒரு பிரசங்கம் தொடங்கினேன். ஒரே ஒரு வருஷம், பல்லைக் கடித்துக்கொள், நானும் அப்படித்தான் இருந்தேன் என்று. அவள் முழுக்கக் கேட்கவில்லை.

"நீங்கள் தனித்தட்டு கேட்டீர்கள், அம்மா கொடுத்தாள். தட்டு கொடுப்பது சுலபம். எனக்கு இங்கே தட்டு இருக்கிறது, அதில் கை வைக்க ஆள் இல்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது?"

 சனிக்கிழமைக்குள் இரண்டு நாள் என் வீட்டில் வந்து இரு, பெட்டியையும் எடுத்துக்கோ, தவித் அங்கேயே வந்து உன்னைக் கூட்டிப் போகட்டும் என்று மட்டும் சொன்னேன். சரி என்றாள். ஷைனி வாசல் வரை பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். "திரும்பி வருவியா?" என்று கேட்டாள். ஹிவோத் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது ரமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்திலேயே எச்சில் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. காப்பியைக்கூட அண்ணாந்துதான் குடிப்பாள். குமரேசன் அவள் தம்ளரில் ஒரு மடக்குக் குடித்துவிட்டால் அந்தத் தம்ளர் புளி போட்டுத் தேய்க்காமல் அடுக்களைக்குள் வராது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அப்படித்தான். மனசு மட்டும் தங்கம். என் பேருக்குப் பொருத்தமானவள் அவள்தான்.

அன்று ராத்திரி அவள் ஹிவோத்துக்குத் தலைவாழை இலை போட்டாள். அவியல், எரிசேரி, புளிக்கறி, இரண்டு பாயசம். நடுக்கூடத்தில் அவளை மட்டும் உட்கார்த்திவிட்டு, நாங்கள் எல்லாம் சுற்றி நின்று பரிமாறினோம். நம் ஊரில் விருந்தாளிக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. ஹிவோத் தலையைக் குனிந்து நாலு வாய் கொறித்துவிட்டு இலையை மூடினாள்.

அடுக்களையில் ரமணி என் காதைக் கடித்தாள். "மைனி, எனக்க சமையல் பிடிக்கல்லியா அந்தப் பிள்ளைக்கு? மத்தியானத்துல இருந்து அடுப்படியில நிக்கேன்."

"ரமணி, அவ ஊர்ல விருந்தாளிய மட்டும் உட்கார்த்தி நாம நின்னா, உன்கூட உக்காந்து சாப்பிட எனக்கு இஷ்டமில்லேன்னு அர்த்தம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நமக்க முறை இதுல்லா" என்றாள் கடைசியில். அதுவும் நியாயம்தான். அன்பு இருந்தது இரண்டு பக்கமும், ஆனால் ஒன்று நின்றுகொண்டும் ஒன்று உட்கார்ந்துகொண்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை குமரேசன் கடையை அடைத்துவிட்டு எங்களைத் திற்பரப்புக்குக் கூட்டிப் போனான். ரமணி பெரிய தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டினாள், இன்னொன்றில் தயிர்ச்சோறு, தேங்காய்த் துவையல், ஏத்தங்காய் வறுவல். குலசேகரம் தாண்டினதும் ரப்பர் மரங்களும் செம்மண்ணும் மலைமேல் மூடுபனியும் வந்தன. ஹிவோத் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "எங்கள் ஊர்" என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்தில் வெள்ளை நேத்தலாச் சால்வை போர்த்தி அல்மாஸ் நின்றால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். நான் பிறந்த ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு வேறொரு மலையை நினைத்து ஏங்குகிறேன், பக்கத்தில் இருக்கிற பிள்ளையும் அதே மலைக்கு ஏங்குகிறது. கையைப் பிடித்துக்கொண்டோம்.

அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஹிவோத் கூவினாள். "வெள்ளம் நல்ல தணுப்பு!" என்றாள். தண்ணீர் நல்ல குளிர்ச்சி என்று அர்த்தம், மெஸ்ஸில் சமைக்கிற விளவங்கோட்டுக்காரி சொல்லிக்கொடுத்த தமிழ். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அது நல்ல சிரிப்பு.

அருவியில் குளித்தவனுக்கு வருகிற பசி வேறு எவனுக்கும் வராது. பாறைமேல் துண்டை விரித்துச் சட்டிகளை எடுத்து வைத்த ரமணி அப்படியே நின்றாள்.

"ஐயோ மைனி, எலய எடுக்கல்ல. கழுவித் துணி தோய்க்கிற கல்லுமேல வடியப் போட்டேன். அங்கனே கெடக்கு."

குமரேசனுக்குக் கிடைத்தது சான்ஸ். "எலயக் கழுவிக் கழுவி வச்சா இப்பிடித்தான்" என்றான். அவள் பார்த்த பார்வையில் இலை தேடிப் புறப்பட்டுப் போனான். போனவன் போனவன்தான். எனக்குப் பசியில் கண் இருட்டியது.

ஹிவோத் எங்களை ஒரு தடவை பார்த்தாள். தூக்குச்சட்டியின் பெரிய மூடியை மல்லாத்தி வைத்தாள். பையிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பின காய்ந்த இஞ்சிராவை எடுத்து அதில் பரப்பினாள். மேலே புளிச்சோற்றைக் குவித்து, ஓரமாகத் துவையலை வைத்தாள். நான் காத்திருக்கவில்லை, உட்கார்ந்து கையை வைத்தேன். அவள் எதிரே உட்கார்ந்து கையை வைத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு தட்டில் இரண்டு கை. அவள் வேகமாகச் சாப்பிட்டாள், வாய் நிறைய.

ரமணி ஈரத்தலையோடு நின்றுகொண்டே இருந்தாள். "நீங்க சாப்பிடுங்க மைனி, எனக்குப் பசிக்கல்ல" என்றாள். வயிறு உறுமினது எனக்கே கேட்டது.

ஹிவோத் ஒரு கவளத்தை உருட்டினாள். எழுந்தாள். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை. கவளத்தை ரமணியின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

 இவளும் முகத்தைத் திருப்பினால் அவ்வளவுதான், நாளைக்கு ஒருத்தரும் அந்தப் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. ரமணி என்னைப் பார்த்தாள். கவளத்தைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடியிருந்தாள். ஹிவோத்தின் கை இறங்கவில்லை. விரலிடுக்கில் எண்ணெய் வழிந்து முழங்கைக்கு வந்தது. கை நடுங்கத் தொடங்கியது.

பக்கத்துப் பாறையில் தலை துவட்டிக்கொண்டிருந்த குழித்துறைக்காரி ஒருத்தி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "ஏட்டி மக்கா, வாயத் தொறயேன். கொச்சுப் பிள்ளைக்குக் கை கடுக்குதில்லியா?"

ரமணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

மென்றாள். விழுங்கினாள். கண்ணைத் திறந்து, "உப்பு கொறஞ்சு போச்சு" என்றாள்.

அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் கவளத்தைத் தான் சாப்பிடவில்லை, ஹிவோத் வாயில் வைத்தாள். அந்தப் பிள்ளை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழுதது. நானும் அழுதேன். ரமணி மட்டும் அழவில்லை. "தொவையலைத் தொட்டுக்கோ மக்கா, உப்பு சரியாயிரும்" என்றாள். குமரேசன் ஒரு கட்டு இலையோடு வேர்த்து விறுவிறுத்து வந்தபோது மூடி காலியாக இருந்தது. அவனுக்குத் தயிர்ச்சோறுதான் மிஞ்சியது, அதை இலை போட்டுச் சாப்பிட்டான்.

திரும்பி வரும்போது ஹிவோத் தூங்கிவிட்டாள். போகிறாயா இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவள் பெட்டி வாசல் பக்கம் இருந்தது. தவித்தின் கார் மத்தியானத்துக்கு முன்னால் வரும் என்று போன் வந்துவிட்டது. "காப்பி போட்டுவிடுகிறேன் எத்தியே, அம்மா சொன்னாளே" என்றாள்.

கொல்லையில் அறுகம்புல் பறித்துக் கூடத்தில் பரப்பினாள். அங்கே காப்பி போடுகிற இடத்தில் புல் பரப்பாமல் உட்கார மாட்டார்கள். தன் பெட்டியிலிருந்து பிடியில்லாத கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, இரும்புச் சட்டியில் பச்சைக்கொட்டையை வறுத்தாள். புகை தெருவுக்குப் போய், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "என்னது, எங்கயும் தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ரமணி உரலை எடுத்துக் கொடுத்தாள். இடித்துக் கொதிக்க வைத்தாயிற்று, ஊற்றக் கூஜா இல்லை. ஹிவோத் ஒடிந்த கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரமணி பூஜையறைக்குள் போனாள். மூக்கு வைத்த வெண்கலக் கிண்டியோடு வந்தாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சாமிக்குத் தண்ணீர் வைக்கிறதைத் தவிர வேறெதற்கும் அதை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

"இதுக்கும் மூக்கு இருக்குல்லா. ஊத்து" என்றாள்.

காப்பி வெண்கல மூக்கு வழியாக மெல்லிசாக விழுந்தது. முதல் சுற்று. குமரேசன் குடித்துவிட்டு, கசப்பைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டான். ரமணி அண்ணாந்து ஊற்றப் பார்த்தாள், அந்தக் குட்டிக் கோப்பையில் முடியவில்லை, உதட்டிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டாவது சுற்று. எனக்கு அல்மாஸ் வீட்டுக் கூடம், மழை, தகரக் கூரைச் சத்தம் எல்லாம் வந்துவிட்டது. கோப்பையை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

வாசலில் ஹாரன் அடித்தது.

அதே மாதிரி. இரண்டாவது கோப்பை முடிந்து, மூன்றாவதற்கு முன்னால்.  ஹிவோத் கிண்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ரமணி அவசரமாக அடுக்களைக்கு ஓடி ஏத்தங்காய் வறுவல் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். "அம்மைக்குக் குடு" என்றாள். ஹிவோத் வாசலுக்குப் போனாள். நான் தரையில் இருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அல்மாஸிடம், முகம் வாடித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெற்றவளிடம் பிள்ளை போகிறது, போகட்டும்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம். கார் போகிற சத்தம்.

நிமிர்ந்தால் பெட்டி வாசல் பக்கமே இருந்தது. ஹிவோத் வெறுங்கையோடு உள்ளே வந்தாள். பொட்டலம் மட்டும் தவித்தோடு போயிருந்தது. அவள் வந்து உட்கார்ந்து கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்தாள். கிண்டியில் இன்னும் காப்பி இருந்தது.

"மூணாவது?" என்றேன். 

"மூணாவது இப்ப இல்ல எத்தியே" என்றாள் தமிழில். "பொறவு. கடைசிப் பரீட்ச கழிஞ்சு, நான் இஞ்ச வந்து தாறேன்."

போனில் அல்மாஸைக் கூப்பிட்டேன். கேட்டதும் அவள் கத்தினாள். விருந்தாளியை இரண்டு கோப்பையோடு நிறுத்துவார்களா, என் மானம் போயிற்று, என்ன பிள்ளை வளர்த்தேன் என்று. பிறகு கத்தல் நின்றது. 

"முகம் எப்படி இருக்கு, தங்கம்?"

நான் வீடியோவைப் போட்டு, போனை ஹிவோத் பக்கம் திருப்பினேன்.

ரமணி கிண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பூஜையறை வாசல் வரை போய், ஒரு நிமிஷம் நின்று, திரும்பி அடுக்களை அலமாரியில் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இனி இங்கனே இருக்கட்டும் மைனி" என்றாள். "பிள்ள வருவாள்லா."